இறந்தவர் பெயரில் ஓட்டு விழுந்தது என்றால் நீதிமன்றம் என்ன கேட்கும்?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். நடந்து முடிந்த சட்டமன்றத் தேர்தலில் எங்கள் வேட்பாளருக்கு பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தேன். நூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றுவிட்டார். என் பூத்தில் மட்டும் இறந்துபோன 11 பேர் பெயரில் ஓட்டு விழுந்திருக்கிறது. மற்ற பூத்களையும் சேர்த்தால் ஐநூறு வரும் என்கிறார்கள். புதுச்சேரிப் பக்கம் பாகூரிலும் இங்கேயும் பெயர் வைத்திருப்பவர்கள் காலையில் அங்கே, மத்தியானம் இங்கே என்று போட்டிருக்கிறார்கள். என் பெரியம்மா மூன்று மணிக்குப் போனபோது அவருடைய ஓட்டை ஏற்கெனவே யாரோ போட்டிருந்தார்கள். ஒரு வாக்குச்சீட்டைக் கொடுத்து முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவும் இருக்கிறது. வேட்பாளர் வழக்குப் போடத் தயங்குகிறார். நான் போடலாமா? பதவியேற்பை நிறுத்த முடியுமா? மறு எண்ணிக்கை கிடைக்குமா? பெரியம்மாவைக் கோர்ட்டுக்கு இழுத்து யாருக்குப் போட்டாய் என்று கேட்பார்களா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் இருந்த தொகுதி, கட்சி, வேட்பாளர் பெயர்களை இங்கே நீக்கியிருக்கிறேன். எல்லாத் தரப்புக்கும் சட்டம் ஒன்றே என்பதால் பதிலுக்கு அவை தேவைப்படவும் இல்லை.

முதலில் நாட்கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் கடிதம் என் மேசைக்கு வந்தபோது முடிவு அறிவிக்கப்பட்டு 17 நாட்கள் கழிந்திருந்தன. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 81ஆம் பிரிவின்படி, வெற்றி பெற்றவர் தேர்ந்தெடுக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் தேர்தல் வழக்கு தாக்கல் செய்யப்பட வேண்டும். சொத்து வழக்கிலோ மேல்முறையீட்டிலோ தாமதத்திற்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கோருவதுபோல இங்கே கோர முடியாது; அந்த மன்னிப்பு தேர்தல் வழக்குக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1974லேயே தீர்மானித்துவிட்டது. மே மாதத்தில் முடிவு வரும் தேர்தல்களில் உயர் நீதிமன்றத்தின் கோடை விடுமுறையும் இந்த 45 நாட்களுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதையும், விடுமுறையைக் கழித்துக் கணக்கிட்டு ஏமாந்தவர்கள் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். உங்களிடம் மீதமிருப்பது 28 நாட்கள்.

வழக்கு நீங்களே போடலாம். வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் வாக்காளர் எவரும் மனுதாரராக இருக்கலாம். கடலூர் மாவட்டத் தொகுதிகளுக்கு உரிய இடம் சென்னை உயர் நீதிமன்றம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுச்சேரித் தொகுதிகளுக்கும் அதே உயர் நீதிமன்றம்தான். மாவட்ட நீதிமன்றத்திற்கு இதில் அதிகாரமில்லை. ஊராட்சித் தேர்தல் வழக்குகள்தாம் அங்கே போகும். காப்புத்தொகையாக 2,000 ரூபாய் கட்ட வேண்டும். மனுவை வழக்கறிஞர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் ஊரில் இருந்துவிடக் கூடாது. மனுதாரர் நேரில் இருந்து தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் கண்டிப்பாகக் கூறியிருக்கிறது. எதிர்மனுதாரர்களுக்கான ஒவ்வொரு நகலிலும் 'உண்மை நகல்' என்று நீங்களே கையொப்பமிட வேண்டும். நான் இளம் வழக்கறிஞராக இருந்தபோது, நல்ல சாட்சியங்கள் கொண்ட ஒரு மனு இத்தகைய குறைபாடு ஒன்றினால் விசாரணைக்கே வராமல் தள்ளுபடியானதை நீதிமன்ற அறையில் அமர்ந்து பார்த்தேன். அந்த மனுதாரர் வெளியே வந்து, "நான் சொன்னது பொய் என்றா சொன்னார்கள்?" என்று கேட்டார். அவர் சொன்னதை யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. அதனால்தான் இந்தச் சின்ன விஷயங்களை முன்னால் வைக்கிறேன்.

பதவியேற்பை நிறுத்த முடியாது. தேர்தல் தொடர்பான எந்தத் தகராறும் தேர்தல் மனுவின் மூலமாக அன்றி வேறு வழியில் எழுப்பப்படக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 329ஆவது உறுப்பு தடை விதிக்கிறது. இந்த உறுப்புக்கு முதன்முதலில் விளக்கம் கிடைத்தது நம் மாநிலத்து வழக்கில்தான். முதல் பொதுத்தேர்தலில் நாமக்கல்லில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட ஒருவர் நீதிமன்றம் சென்றபோது, தேர்தல் முழுவதும் முடிந்த பிறகு தேர்தல் மனுவில்தான் அதைக் கேட்க வேண்டும் என்று 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே வழக்கு முடியும் வரை வெற்றி பெற்றவர் உறுப்பினராகவே இருப்பார். மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுப்பதாலும் முடிவு மாறாது; வெற்றி அறிவிக்கப்பட்ட பிறகு அதை மாற்றும் அதிகாரம் அவருக்கோ தேர்தல் ஆணையத்திற்கோ கிடையாது. மறு வாக்குப்பதிவுக்கு உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்திற்கு இருந்த காலம் முடிந்துவிட்டது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். கள்ள ஓட்டு நடந்தது என்று நிரூபித்தால் தேர்தல் ரத்தாகிவிடும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். இந்தத் தொழிலில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் நம்பி வருகிறார்கள். ஆனால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 100ஆவது பிரிவு கேட்பது இரண்டு படிகளை: செல்லாத வாக்குகள் ஏற்கப்பட்டன என்பதை முதலில் காட்ட வேண்டும், அதனால் வெற்றி பெற்றவரைப் பொறுத்தவரை முடிவு கணிசமாகப் பாதிக்கப்பட்டது என்பதைப் பிறகு காட்ட வேண்டும். இரண்டாவது படியில்தான் மனுக்கள் உடைகின்றன. உங்கள் பூத்தின் 11 வாக்குகளும் ஐயமற நிரூபிக்கப்பட்டாலும், வித்தியாசம் நூற்றுக்கு மேல் இருக்கும்போது, அவை அனைத்தையும் வெற்றி பெற்றவர் கணக்கிலிருந்து கழித்தாலும் அவர் வெற்றி பெற்றவராகவே இருப்பார்.

கட்சிக்காரர்கள் சொல்லும் ஐநூறைப் பற்றி நீதிமன்றம் கேட்கப்போகும் கேள்வி, யார் யார் என்பதுதான். எந்த பூத், பட்டியலில் எந்த வரிசை எண், என்ன பெயர், எந்தத் தேதியில் இறந்தார் என்று ஒவ்வொன்றாக மனுவிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது விசாரணைக்கு வராது. 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராத் தொகுதியில் முதலமைச்சர் பதவிக்குப் பேசப்பட்ட சி.பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்திற்கு வந்தபோது, ஒரு வாக்கே முடிவை மாற்றும் நிலை இருந்தும், மனுவிலும் பதிலிலும் சொல்லப்படாத ஒன்றை விசாரணைக்குரிய பிரச்சினையாக எடுக்கக் கூடாது என்றே 2011இல் தீர்ப்பளித்தது.

எண்ணிக்கை வித்தியாசத்தைத் தாண்டினாலும் அத்தோடு முடிந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில், தவறாக ஏற்கப்பட்ட ஒரு வேட்பாளர் பெற்ற வாக்குகள் வெற்றி வித்தியாசத்தைவிடக் கூடுதலாக இருந்தன. அவர் களத்தில் இல்லாதிருந்தால் அந்த வாக்குகள் தோற்றவருக்குப் போயிருக்கும் என்று ஊகிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. நிரூபிக்கும் சுமை மனுதாரருடையது, நிரூபிக்க முடியாத அளவுக்குக் கடினம் என்பதற்காக அந்தச் சுமை இறங்காது என்பது அதன் நிலைப்பாடு. வாக்குச்சீட்டுக் காலத்திலாவது அடிக்கட்டையில் இருந்த வரிசை எண்ணைக் கொண்டு கள்ள ஓட்டு எது என்று நீதிமன்றம் தேடிப் பிரிக்க வழி இருந்தது. இயந்திரத்தில் அந்த வழி இல்லை. இறந்தவர் பெயரில் பொத்தானை அழுத்தியவர் எந்தச் சின்னத்தை அழுத்தினார் என்பது பதிவேட்டிலும் இல்லை, ஒப்புகைச் சீட்டிலும் இல்லை. செல்லாத வாக்குகள் வித்தியாசத்தைவிட மிகக் கூடுதலாகவும், பெயர் பெயராகவும் நிரூபிக்கப்பட்டால்தான் உங்கள் வாதத்துக்கு உயிர் இருக்கும். இந்த அளவுகோல் சில நேரங்களில் அநியாயமாகத் தோன்றுவதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் வரிசையில் நின்று நேர்மையாக வாக்களித்த லட்சக்கணக்கானவர்களின் தீர்ப்பைச் சந்தேகத்தின்பேரில் கலைத்துவிடக் கூடாது என்ற கவலையே அதன் பின்னால் இருக்கிறது. அந்தக் கவலை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

வேறொரு வழியும் சட்டத்தில் உண்டு. வெற்றி பெற்றவரோ அவருடைய தேர்தல் முகவரோ, அவர்களின் சம்மதத்தோடு மற்றவரோ 123ஆவது பிரிவில் சொல்லப்பட்ட ஊழல் செயல்களில் ஒன்றைச் செய்தார் என்று நிரூபித்தால், எத்தனை வாக்குகள் பாதிக்கப்பட்டன என்று கணக்குக் காட்டத் தேவையில்லை. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தலைச் செல்லாது என்று அறிவித்தது இந்த வழியில்தான். அவருடைய வெற்றி வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தும் அது தடையாகவில்லை. ஆனால் அந்தப் பிரிவில் பணம் கொடுத்தல், மிரட்டல், வாக்குச்சாவடியைக் கைப்பற்றுதல் போன்றவை இருக்கின்றனவே தவிர, ஆள் மாறாட்டம் தனியாக இல்லை. ஏஜெண்டுகளை வெளியே துரத்திவிட்டுத் தங்கள் ஆட்களை மட்டும் உள்ளே விட்டார்கள் என்றால் அது சாவடியைக் கைப்பற்றுதல். உங்கள் கடிதத்தின்படி நீங்கள் மாலை வரை உள்ளேதான் இருந்திருக்கிறீர்கள். ஆகவே, மனுவுக்கு வேகம் கொடுப்பதற்காக இல்லாத மிரட்டலைச் சேர்க்கச் சொல்லி யாராவது ஆலோசனை கூறினால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஊழல் செயல் குற்றவியல் வழக்குக்கு நிகரான நிரூபணத்தைக் கேட்கும். அதற்குத் தனிப் பிரமாணப் பத்திரம் நீங்கள் கையொப்பமிட்டுத் தர வேண்டும். அந்த ஒரு பொய் உங்கள் 11 உண்மைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

வாக்காளர் பட்டியலையும் வாக்கையும் பிரித்துப் பாருங்கள். இறந்தவர் பெயர் பட்டியலில் நீக்கப்படாமல் இருந்தது என்பது வழக்குக்குக் காரணமாகாது. பட்டியலின் குறைகளைத் தேர்தலுக்கு முன்பே, பெயர் நீக்கக் கோரும் 7ஆம் படிவம் கொடுத்து, வாக்காளர் பதிவு அலுவலரிடம் தீர்த்திருக்க வேண்டும். தேர்தல் மனுவில் பட்டியலைக் கிளற முடியாது என்று ஏற்கெனவே தீர்ப்பு உண்டு. அந்தப் பெயரில் ஒருவர் வந்து வாக்களித்தார் என்பதே உங்களுக்கு உதவும். அதற்கான சான்று 17ஏ பதிவேடு. வாக்களிக்க வந்தவரின் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ அதில் இருக்கும். இறப்புச் சான்றிதழை ஒரு கையிலும், அதற்குப் பிந்தைய தேதியில் இடப்பட்ட கையொப்பத்தை மறு கையிலும் வைத்தால் எதிர்த்தரப்பு பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பதிவேடு முத்திரையிடப்பட்டிருக்கிறது. நீதிமன்ற ஆணை இல்லாமல் திறக்கப்படாது. அந்த ஆணையைப் பெறுவதற்கும் மனுவில் பெயர் விவரங்கள் இருக்க வேண்டும். என்ன கிடைக்கிறது என்று திறந்து பார்ப்போம் என்ற கோரிக்கையை நீதிமன்றம் ஏற்காது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். இறந்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தபோது நீங்கள் எதிர்ப்புத் தெரிவித்தீர்களா? விதிகளின்படி ஏஜெண்ட் இரண்டு ரூபாய் கட்டி வந்தவரின் அடையாளத்தை எதிர்க்கலாம். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே விசாரிக்க வேண்டும். ஆள் மாறாட்டம் என்று தெரிந்தால் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த எதிர்ப்பு எழுத்தில் பதிவாகியிருந்தால் உங்கள் வழக்கின் வலு பன்மடங்கு கூடும். பதிவாகவில்லை என்றால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே, "பதினொரு தடவையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களா?" என்பதாக இருக்கும். நீங்கள் மனம் நோகும்படி இதை எழுதவில்லை. சிறிய ஊர்களில் முகம் பார்த்துப் பழகிய ஒருவரை எழுந்து நின்று தடுப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உண்மையான பதிலை இப்போதே உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். வாக்குப்பதிவு முடிவில் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட, பதிவான வாக்குகளின் கணக்கான 17சி படிவ நகலையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

பாகூர் விஷயம் சற்றுச் சிக்கலானது. ஒருவர் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியில் இருக்கக் கூடாது. ஒரே பொதுத்தேர்தலில் ஒரே வகையான இரண்டு தொகுதிகளில் ஒருவர் வாக்களித்தால் இரண்டு வாக்குகளுமே செல்லாது என்று 62ஆவது பிரிவு சொல்கிறது. தென்பெண்ணைக்கு இரு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, இங்கே வீடு அங்கே கடை என்று வாழும் நம் பகுதியில் இரட்டைப் பதிவு புதிதல்ல. அவர்களில் பலர் தீய நோக்கம் உடையவர்களும் அல்லர். இரு பட்டியலிலும் பெயர் இருப்பதைக் காட்டினால் போதாது. இருவரும் ஒரே ஆள் என்பதையும், இரண்டு இடத்திலும் வாக்களித்தார் என்பதையும் காட்ட வேண்டும். தமிழ்நாட்டுத் தேர்தலும் புதுச்சேரித் தேர்தலும் 'ஒரே பொதுத்தேர்தல்' ஆகுமா என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதாடும். அதற்கு விடை தயாரில்லாமல் இந்தக் குற்றச்சாட்டை மனுவின் முதுகெலும்பாக வைக்க வேண்டாம்.

வீடியோவை எடுத்தவர் யார், எந்தக் கைபேசி என்று கண்டுபிடியுங்கள். பலர் கை மாறி வந்த பதிவுக்கு மதிப்பில்லை. மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததே மகாராஷ்டிரத்தின் ஜால்னாத் தேர்தல் வழக்கொன்றில்தான். வாக்குச்சாவடிக் கேமராப் பதிவுகள் உங்களுக்கு இன்னும் முக்கியம். வழக்கு எதுவும் இல்லையென்றால் 45 நாட்களுக்குப் பின் அவற்றை அழித்துவிடலாம் என்று தேர்தல் ஆணையம் 2025இல் அறிவுறுத்தியிருக்கிறது. எனவே மனு தாக்கலான அன்றே பதிவுகளைப் பாதுகாக்கக் கோரும் தனி மனுவும் போக வேண்டும்.

மறு எண்ணிக்கை கேட்பதால் உங்களுக்குப் பயனில்லை. கள்ள ஓட்டை எத்தனை முறை எண்ணினாலும் அது ஓட்டாகத்தான் எண்ணப்படும். எண்ணியதில் பிழை என்னும் வழக்குக்கே அது மருந்து. 2016இல் இராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 வாக்குகளில் வென்றார், தி.மு.க.வின் அப்பாவு, 203 தபால் வாக்குகள் தவறாக நிராகரிக்கப்பட்டன என்று வழக்குத் தொடர்ந்தார். தலைமையாசிரியர் சான்றொப்பம் இட்டது செல்லுமா என்பதே பிரச்சினை. எத்தனை வாக்குகள், என்ன காரணம், யார் கையொப்பம் என்று எல்லாம் காகிதத்தில் இருந்த வழக்கு அது. அப்படியிருந்தும் மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019 அக்டோபரில். நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோனது. ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்வதை வைத்து நாளை எண்ணாதீர்கள்.

விரைவாக முடிந்த வழக்கும் உண்டு. 2024 ஜனவரி இறுதியில் நடந்த சண்டிகர் மேயர் தேர்தலில், எட்டு வாக்குச்சீட்டுகளில் அதிகாரியே கோடிட்டு அவற்றைச் செல்லாதவையாக்கினார். பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் முடிவைத் திருத்தி, தோற்றதாக அறிவிக்கப்பட்டவரையே மேயராக அறிவித்தது. மொத்தமே 36 வாக்குகள், மோசடி கேமராவில் பதிவாகியிருந்தது, சீட்டுகள் நீதிபதிகள் கையில் இருந்தன. உங்கள் வழக்கு அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

ஆகவே என் ஆலோசனை இது. அடுத்த பத்து நாட்களில் மற்ற பூத்களின் ஏஜெண்டுகளை நேரில் சந்தித்து, பெயர், வரிசை எண், இறந்த தேதி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இறப்புச் சான்றிதழ் வாங்குங்கள். அந்த எண்ணிக்கை வெற்றி வித்தியாசத்தை நன்றாகத் தாண்டினால் சென்னைக்குப் புறப்படுங்கள். முப்பது, நாற்பதில் நின்றுவிட்டால் தேர்தல் வழக்கு வேண்டாம். ஆள் மாறாட்டம் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதால், கையிலுள்ள பெயர்களோடு காவல் துறையில் புகார் அளியுங்கள். முடிவு அதனால் மாறாது, ஆனால் குற்றம் பதிவாகும். தொடங்கிய பிறகு யாராவது சமரசம் பேசி வந்தால், தேர்தல் மனுவை நீதிமன்ற அனுமதியின்றி நீங்கள் திரும்பப் பெற முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது உங்கள் சொந்த வழக்கு அல்ல, தொகுதியின் வழக்கு.

பெரியம்மாவின் விஷயத்தைக் கடைசியில் வைத்திருந்தேன், ஏனெனில் உங்கள் சான்றுகளில் மிகத் தெளிவானது அதுவே. அவருக்குக் கொடுக்கப்பட்டது ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு. அவர் பெயர் 17பி பட்டியலில் ஏறி, சீட்டு தனி உறையில் முத்திரையிடப்பட்டிருக்கும். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது; நீதிமன்றம் ஆணையிட்டால் பிரிக்கப்படும். அவர் பெயரில் வேறொருவர் வாக்களித்தார் என்பதற்கு அரசின் சொந்தப் பதிவேடே சாட்சி. சாட்சிக் கூண்டில் அவரிடம், எத்தனை மணிக்குப் போனீர்கள், 17ஏ பதிவேட்டில் இருக்கும் கையொப்பம் உங்களுடையதா, விரலில் மை இருந்ததா என்று கேட்பார்கள். யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்டு அவரைக் கட்டாயப்படுத்த எவராலும் முடியாது; சட்டத்தின் 94ஆவது பிரிவு அவருக்குத் துணை நிற்கிறது. தானே விரும்பினால் சொல்லலாம், விரும்பாவிட்டால் பேசாமல் இருக்கலாம். இதை அவரிடம் நிதானமாக எடுத்துச் சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டும் அவர் பெயரைச் சாட்சிப் பட்டியலில் எழுதுங்கள்.